அரைக்கால் வீசம்

ஆல்ட்பரோவுக்குத் தெற்கே கூழாங்கல் மட்டுமே கரை.
மண் என்று சொல்ல ஒரு பிடி இல்லை.
கல்லுக்கும் கல்லுக்கும் இடையில்
கடல் பீட்:
எண்ணெய் தடவியதுபோல் தடித்த இலை,
காற்று தள்ளிய பக்கம் படுத்து
அங்கேயே பூத்து அங்கேயே காய்த்திருந்தது.

செப்டம்பர். காகித உறைகள் நாற்பது,
செடிக்கு ஒன்று.
தனித்தனி விதையல்ல, நாலைந்து ஒட்டிக் கெட்டித்த முள்ளுருண்டை.
விரலைக் கீறிவிட்டுத்தான் உறைக்குள் போகும்.
நாயோடு வந்தவர் கேட்டார், களைதானே அது?
ஆமாம் என்றேன்.
அந்தக் காற்றில் விளக்கம் எடுபடாது.

ஓர் இலையைக் கிள்ளி மென்றேன்.
முதலில் கீரை, பிறகு உப்பு,
கடைசியில் பல்லில் ஒட்டிய பழைய இரும்பு.
நெய்தல் என்றால் எனக்கு
அடும்பு, தாழை, புன்னை, அவ்வளவும் மனப்பாடம்.
இந்தக் கரைக்குக் கொடுக்க
ஒரு பூவின் பெயரும் இல்லை என்னிடம்.

•

தர்லோவின் பதினோரு ஏக்கரில்
கடல் மூன்று நாள் நின்றுவிட்டுப் போனது டிசம்பரில்.
ஏப்ரலில் விதைத்தார்.
மே மாதம் எங்களைக் கூப்பிட்டார்.
வரிசை வரிசையாக ஒன்றுமில்லை.
ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்தார்,
குழம்பைப் பதம் பார்ப்பவர்போல.
"அதிகம்" என்றார்.
வேறு எதுவும் சொல்லவில்லை.

•

நாரிச்சில், கண்ணாடிக் கூடத்தில்,
கடலின் மகரந்தத்தைச் சர்க்கரை பீட்டின் பூவில் தூவினோம்.
முதல் பிள்ளை தாயைக் கொள்ளவில்லை:
ஆக்டோபஸ் வேர், கட்டையாய்க் கசப்பு,
முதல் கோடையிலேயே பூத்து முடிந்தது.
திரும்பவும் சர்க்கரையோடு கலந்தோம். திரும்பவும்.
ஒவ்வொரு முறையும் கடல் பாதியானது.
அரை, கால், அரைக்கால், வீசம்,
அரை வீசம், கால் வீசம்.
ஆறாம் திருப்பத்தில் அரைக்கால் வீசம் கடல்.
அதற்குள் நாங்கள் தேடும் ஒரே ஒரு மரபணு
இருக்க வேண்டும்.

தேநீர் நேரத்தில் மிரியம் சொன்னாள்:
"உன் கதைதான் இது. வெளியிலிருந்து வந்து நல்லதைச் சேர்க்கிறது."
தேநீரில் முக்கிய பிஸ்கட் உடைந்து விழுந்தது.
இல்லை மிரியம், கடல் பீட்தான் இந்த ஊர்க்காரி.
சைலீசியாவிலிருந்து வந்தது சர்க்கரை.
"அப்படியானால் நீ சர்க்கரை."
எங்கள் வீட்டில் சர்க்கரை ஒரு நோயின் பெயர் என்றேன்.
சிரித்தாள்.
எதற்கென்று தெரியாமல் நானும்.

•

இருபத்து நான்கு தட்டு நாற்றுக்கு உப்புநீர்.
ஒன்பதாம் நாள் எல்லாம்
அணைந்த பீடிபோல் சுருண்டு கிடக்க
பதினேழாம் தட்டில் ஒன்று
நிமிர்ந்து நின்றது.
உள்ளே வந்த உப்பைப் பழைய இலைகளில் அடைத்துப் பூட்டிவிட்டு
புது இலை விட்டுக்கொண்டிருந்தது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
அதற்கு உப்பிட்டது நான்,
லிட்டருக்குப் பதினேழரை கிராம்.
என்னை அது நினைக்க
நியாயம் ஏதுமில்லை.

இலைத்துணுக்கைச் சோதனைக்கு அனுப்பினோம்.
நாங்கள் நான்கு வருடமாகத் துரத்திய மரபணு
அதில் இல்லை.
இரண்டாம் முறையும் இல்லை.
வேறு ஏதோ ஒன்று, பெயர் வைக்காதது,
பட்டியலில் சேராதது,
அரைக்கால் வீசத்தின் மூலையில்
டிக்கெட் இல்லாமல் ஏறி வந்திருக்கிறது.

அதன் வழியைப் பின்னோக்கித் தேடினால்
உறை எண் இருபத்து மூன்று.
சனிக்கிழமை கரைக்குப் போனேன்.
புயல் கல்லையெல்லாம் வாரி வேறு விதமாய்க் கொட்டியிருந்தது.
அந்தச் செடி நின்ற இடத்தில்
என் முழங்கால் உயரத்துக்குக் கல்.

தர்லோ தொலைபேசியில் கேட்டார், எத்தனை வருடம்?
பத்து என்றேன்.
அவருக்கு எழுபத்தொன்று.
சரி என்று வைத்துவிட்டார்.

திங்கள் காலை குளிரறையில்
உறையைக் கவிழ்த்துத் தட்டினேன்.
மூன்று முள்ளுருண்டை.
கூடவே ஒரு குட்டிக் கூழாங்கல், எப்படி வந்ததோ.
எடை போட்டு
அதையும் எழுதினேன்.